வெளிக்கோழி

பதினொரு கழுத்து முறிந்தாகிவிட்டது. பன்னிரண்டாவதுக்குக் கோதண்டம் கையை நீட்டியபோது கெங்கம்மா அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணாத்தே, இது ஒண்ணையாவது வுடு. அடைக்குப் படுத்துகினு கீது."

"அடைக்குப் படுத்தா நோவு வராதா?"

அந்தக் கோழியையும் திருகிக் கூடையில் போட்டான்.

1931, ஆடி மாதம். திருவொற்றியூர்ப் பக்கமெல்லாம் கோழிகள் கழிந்து கழிந்து கொத்துக் கொத்தாய்ச் செத்துக்கொண்டிருந்தன. கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய அந்தச் சந்தில் மட்டும் இன்னும் ஒன்றுகூடச் சாகவில்லை. வெளிக்கோழி உள்ளே வரக் கூடாது, வந்தால் அந்த வீட்டுக் கோழி அத்தனையையும் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது என்று சந்துக்காரர்கள் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள்.

காவலுக்குக் கோதண்டம். அவனிடம் இரண்டு சண்டைச் சேவல்கள் இருந்தன, அதனால் அக்கறை கொஞ்சம் அதிகம். அதிகாரம் பண்ணுவதென்றால் அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

நடுவில் நாலு நாள் காய்ச்சலில் நினைவு தப்பிப் படுத்துவிட்டான். எழுந்து வந்த அன்றைக்கே கெங்கம்மாவின் கொல்லையில் ஒரு கறுப்புப் பெட்டைக்கோழியைப் பார்த்துவிட்டான். கழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. உச்சியில் குங்குமம் வேறு.

"சந்தைக்காரன் அடையாளம் வெச்சிக் குட்த்துகிறான். திருட்டுத்தனமா வாங்கியாந்து சேத்துகிற, இன்னா?"

"என் பொண்ணுங்க மேல சத்தியமா நான் வாங்கல. காத்தால கதவத் தொறந்தா நின்னுகினு இருந்திச்சி."

"அப்போ தானா ரயிலேறி வந்திச்சா?"

சந்தே சிரித்தது. புருஷன் ரயில் யார்டில் அடிபட்டுச் செத்தபின், துறைமுகத்தில் கப்பல் சமையல்காரர்களுக்கு முட்டை விற்றுத்தான் கெங்கம்மா இரண்டு பெண்களுக்கும் கஞ்சி ஊற்றினாள். சிரித்தவர்களுக்கு இது தெரியாதா என்ன? தங்கள் கோழி பிழைத்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். மனுஷ ஜென்மங்கள்!

கறுப்புப் பெட்டையையும் சேர்த்துக் குழியில் கொட்டி, மண்ணை மிதித்தான் கோதண்டம். கெங்கம்மா குழியோரமாகவே உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை.

"இன்னொரு தபா எவனாவது வெளிக்கோழி கொண்டாந்தா இதே கதிதான். என் வூடா இருந்தாலும் வுட மாட்டேன்!"

வீட்டில் அவன் பெண்சாதி வேம்பு வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுத்தமாகக் காய்ச்சல் இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஜொரம் உன்ன வாரிக்கினு பூடுமோன்னு பயந்துட்டேன்யா."

"எனக்கு இன்னாடி? கெங்கம்மா வூட்டாண்டதான் ஒரே பேஜாரு. கறுப்புப் பெட்டை ஒண்ணு, கழுத்து தொங்கிகினு, சாவப் போற மாதிரி..."

வேம்புவின் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"அப்போ உன் ஜொரம் அதுக்குப் பூட்ச்சிய்யா! சந்தையில வாங்கியாந்து, உன் தலைய சுத்தி, அவ கொல்லையில வுட்டதே நான்தானே!"