பூ எடுப்புக்கு முதல் நாள்

வாக்கரின் நான்கு கால்களுக்கும் கொட்டாங்குச்சியைச் செருப்பு மாதிரி மாட்டி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார் மலைச்சாமி.

ராத்திரி பெய்த மழையில் வரப்பு ஊறிக் கிடந்தது. வெறும் வாக்கரை ஊன்றினால் சாண் ஆழம் இறங்கிவிடும். இப்போது இறங்கவில்லை. எழுபத்தாறு வயதில் ஆணி வைத்தது இடுப்பில்தான், மூளையில் இல்லை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

ரெட்டியார்சத்திரம் சாலையோரம் ஆட்டோவை நிறுத்திவிட்டு ரஃபியும் கூடவே வந்தான். தூக்கிக்கொண்டு போய்விடட்டுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

“மூட்டையா நானு? சும்மா வாப்பா.”

தோட்டம் வரைக்கும் நூறு எட்டு இருக்கும். ஒரு காலத்தில் பீடி பற்றவைத்து முடிக்கிற நேரம். இன்று பத்து எட்டுக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார்.

செண்டுப்பூ முழுக்கப் பூத்துவிட்டது என்று நேற்று ரஃபிதான் போகிறபோக்கில் சொன்னான். அதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண் காயட்டும், நாளைக்குப் போனால் என்ன என்று மனைவி சிவனம்மாள் தடுத்துப் பார்த்தாள்.

நாளைக்கு என்ன இருக்கும்? ஆயுத பூஜை வியாபாரத்துக்கு விடியும் முன்பே ஆட்கள் இறங்கி, மொத்தத்தையும் பறித்துத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். அப்புறம் வெறும் செடிதான் நிற்கும். அடுத்த வருடம் இந்த இடுப்பு இம்புட்டுத் தூரம் கொண்டுவந்து சேர்க்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. பார்த்தால் இன்றைக்குப் பார்க்க வேண்டும்.

பாதி வழியில் வாய்க்கால் குறுக்கிட்டது. முழ அகலம்தான். அந்த இடத்தில் மட்டும் ரஃபியின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிப்பதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

தென்னை வரிசையைத் தாண்டியதும் தோட்டம் தெரிந்தது.

ஏக்கர் முழுக்க மஞ்சள். மழை கழுவிவிட்ட மஞ்சள். அதற்குப் பின்னால் கொடைக்கானல் மலை, நாலு எட்டு கிட்டே வந்து நின்றது போல நீலமாக இருந்தது. பூவுக்குப் பூ வண்ணத்துப்பூச்சி.

வாக்கரை ஊன்றி நின்று பார்த்தார். நாற்பத்தோரு வருடம் இதே வரப்பில் நடந்தவர். இப்படி ஒரு அழகு இங்கே இருந்ததாக நினைவே இல்லை. இருந்திருக்கும். அவர் கண்ணில் பட்டதெல்லாம் களையும், புழுவும், வேலைக்கு வராத ஆளும்தான். எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறோம் என்று நினைத்தார். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மோட்டார் கொட்டகையிலிருந்து சங்கிலி ஓடி வந்தான். பதினெட்டு வருடம் மலைச்சாமியிடம் தோட்ட வேலை பார்த்தவன். வாக்கரைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். வந்த வேகத்தில் குனிந்து, வரப்போரத்துக் கோரையை இரண்டு கையாலும் பிடுங்க ஆரம்பித்தான்.

“மழைங்கய்யா, ஆளு கெடைக்கல. சாயங்காலத்துக்குள்ள களைய எடுத்துர்றேன்.”

மலைச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. வாக்கரில் சாய்ந்துகொண்டு வாய்விட்டே சிரித்தார்.

“ஏலே சங்கிலி, பத்திரம் ஒம்பேருக்கு மாறி ரெண்டு வருசமாச்சு. இது ஒந்தோட்டம், ஒன் களை. நான் பூப் பாக்க வந்தவன். அதப் போட்டுட்டு செத்த நேரம் எம்பக்கத்துல நில்லு.”

சங்கிலி பிடுங்கிய கோரையை வரப்பில் போட்டான். பிறகு, கிரயம் முடித்த நாளிலிருந்து முதல் தடவையாக, நிமிர்ந்து தன் தோட்டத்தைப் பார்த்தான்.