நாற்பது சதவீதம்

மயூர் விஹார் மேம்பாலத் தூணில், கைப்பேசிக்குள் குனிந்திருக்கும் இரண்டு குழந்தைகளை ஹம்சா வரைந்தாள். மாதிரிக்கு உட்கார்ந்தது அவள் மகள் ஷ்ரேயாவும் எதிர்வீட்டுக் கார்த்தியும். இரண்டு திரைகளின் மூலையிலும் பேட்டரி நாற்பது சதவீதம் என்று எழுதினாள்.

மறுநாள் முப்பத்தொன்பது என்று இருந்தது. அழித்த தடம் இல்லை, அவள் கையெழுத்துதான். அப்புறம் தினமும் ஒன்று குறைந்தது. ஷ்ரேயாவும் சோர்ந்துகொண்டே வந்தாள். டாக்டர் எல்லாம் நார்மல் என்றார்.

இன்று காலை ஷ்ரேயா எழுந்திருக்கவே இல்லை. ஹம்சா தூணுக்கு ஓடினாள். இரண்டு திரையிலும் ஒன்று. மகளுடையதை நூறாக்கினாள். டப்பாவில் இருந்த வெள்ளை அதோடு தீர்ந்தது.

திரும்பியபோது ஷ்ரேயா வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள். "பசிக்கறதும்மா, ஜல்தி!"

எதிர்வீட்டுக்குள் கார்த்தியின் அம்மா தங்கத்தின் குரல் கேட்டது. "கார்த்தி, எந்திரிடா. பஸ் வந்துரும். கார்த்தி..."