உள்பக்கக் கைப்பிடி

ஹண்ட்ஸ்வில்லின் மாலை வெயில் ஜன்னல் தடுப்புகள் வழியே கீற்றுக் கீற்றாகத் திரையில் விழுகிறது. திரையில் ஒரு மருத்துவ ஹெலிகாப்டர், வெறும் கட்டங்களும் கோடுகளுமாக. எங்கள் முதுகலைப் பொறியியல் வகுப்பின் லோரெட்டா ஒரு மாதமாக உட்கார்ந்து வரைந்தது. வரைபடத்தில் ஒவ்வொரு பாகமும் அது எதற்கு என்று சொல்லும் ஒரு தேவையிலிருந்து தொங்க வேண்டும், ஒவ்வொரு தேவைக்கும் அதைக் கேட்டவர் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்பது பேராசிரியர் விட்லாக்கின் சட்டம். அவருடைய சிவப்பு ஒளிப்புள்ளி ஒரு கட்டத்தில் நிற்கிறது. “கதவை உள்ளேருந்து திறக்கணும். கேட்டவர், டேல் ப்ரூயிட். யாருங்க இது?” “என் வீட்டுக்காரர். பைலட். உள்ளேருந்து திறக்க முடியாமத்தான் எரிஞ்சு போனாரு.” “கையெழுத்துப் போட வருவாரா?” பின் வரிசையில் ஒருவன் தேநீரை உறிஞ்சியபடி சிரிக்கிறான், நானும்தான். “வரமாட்டார்னா தூக்கிடுங்க. நீங்களே.” அவள் விரல் விசையை அழுத்துகிறது. அந்தத் தேவை போகிறது. அதில் தொங்கிய உள்பக்கக் கைப்பிடி ஆதாரமில்லாமல் சிவக்கிறது. “அதையும்.” அதுவும் போகிறது. திரை முழுக்கப் பச்சை. பிழை ஏதுமில்லை என்கிறது கணினி. “இப்பப் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு,” என்கிறார் விட்லாக். பச்சை வெளிச்சம் அவள் மோதிரத்தில் படிகிறது. கதவுக்கு இப்போது வெளியே மட்டும்தான் கைப்பிடி.