தொட்டியில் ஒரு பெயர்

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர். சோபாவில், மகளுக்கு வரன் பார்க்க வந்த ஆவுடையப்பனும் அவர் மனைவி கோமுவும், எதிரே பிரம்பு நாற்காலியில் மாப்பிள்ளையின் அம்மா, மீன் தொட்டியை ஒட்டிய ஸ்டூலில் மாப்பிள்ளை. மூத்த மருமகள் வடிவு காபித் தட்டோடு நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“எல்லாம் கப்பி மீனு அண்ணாச்சி,” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. “கப்பிங்கது யாரோ வெள்ளைக்காரன் பேராம்லா. மனுசன் பேரை மீனுக்கு நாமளும் வச்சா என்ன? அந்தா, வயிறு பெருத்துக் கெடக்கே, அது பேரு வடிவு. பெத்த குஞ்சையே தின்னுரும். இவளுக்கும் ரெண்டு வயித்துல தங்கலைலா.”

மாப்பிள்ளை குலுங்கிச் சிரித்தான். “ஏ வடிவு, இன்னைக்கு எத்தனை முழுங்குன?” என்று கண்ணாடியைச் சுண்டினான். மீன் மெல்லத் திரும்பி, கண்ணும் வாலும் மட்டுமாய்த் துடித்த ஒரு குஞ்சை விழுங்கியது. ஆவுடையப்பன் பாதிக் காபியோடு டம்ளரை வடிவின் தட்டில் திருப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பதில் எழுதத் தாளை எடுத்தார்.

“ஜாதகம் பொருந்தலைன்னு எழுதி விட்ருங்க,” என்றாள் கோமு. “உள்ளதை எழுதினா நம்ம பிள்ளைக்கு இனி அந்தப் பக்கத்துல ஒரு வரன் வராது.”

“பத்துக்கு ஒம்பதுன்னு அவங்க ஜோசியனே சொல்லிட்டாம்ட்டி.”

அவர் எழுதினார்: ‘ஜாதகம் நன்றாகவே பொருந்துகிறது. எங்கள் மகளின் பெயரை உங்கள் தொட்டியில் நீந்தவிட மனம் ஒப்பவில்லை.’

கோமு இரண்டு முறை வாசித்தாள். சோற்றுப் பருக்கையைத் தேய்த்து உறையை ஒட்டினாள். மாலைத் தபால் எடுக்குமுன் அவளே நடந்துபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.