திருகிய ஐந்து மணி

கிழக்கு நகரத்தில் காலை பத்துக்குக் கிளம்பிய விமானம், நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி மேற்கு நகரத்தில் இறங்கியது. பயணியின் கைக்கடிகாரம் மூன்றரை காட்டியது. நிலையத்தின் சுவர்க்கடிகாரம் பத்தரை காட்டியது. ஊருக்கு ஊர் நேரம் மாறும் என்பது சுவரில் தொங்குகிறவருக்குத் தெரியாது.

"பத்துக்குக் கிளம்பிப் பத்தரைக்கு வந்திருக்கிறாய். அரை மணிப் பயணத்துக்கா தம்பி இந்த அலுப்பு?" என்று கைக்கடிகாரத்தைக் கேட்டது சுவர்க்கடிகாரம்.

"அரை மணியா! ஐந்தரை மணி நேரத்தை நொடி நொடியாக எண்ணிக்கொண்டு வருகிறேன். ஆணியை விட்டு ஓரடி நகர்ந்ததுண்டா நீர்?" என்று கொதித்தது கைக்கடிகாரம்.

பயணி சுவரை நிமிர்ந்து பார்த்தார். கைக்கடிகாரத்தின் திருகைப் பிடித்து, முள்ளை ஐந்து மணி பின்னால் தள்ளினார்.

திரும்பும்போதும் பத்து மணி விமானம். அதே தூரம், அதே ஐந்தரை மணி. கிழக்கு நகரத்துச் சுவர்க்கடிகாரம் இரவு எட்டரை காட்டியபடி, "பத்தரை மணி நேரம் எங்கேயடா சுற்றினாய்?" என்று அதட்டியது. கைக்கடிகாரம் பதில் சொல்வதற்குள் பயணியின் விரல் திருகுக்கு வந்துவிட்டது.

அந்த நொடியே அது நின்றது.

மறுநாள் கடிகாரக் கடைக்காரர் அதைத் திறந்து, லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கோளாறே இல்லை சார். பேட்டரியும் புதுசு. ஆனால் ஓடமாட்டேன் என்கிறது."