பெரட்டில் ஒரு பெயர்

மடுல்சீமைத் தேயிலை மலையில் விடிந்தும் விடியாத வெளிச்சம். வேலைக்கு எழுப்பும் தப்புச் சத்தம் ஓய்ந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூடைகளோடு வரிசை நிற்கிறது. பேர் கூப்பிடக் கூப்பிட "இருக்கேங்க" என்று குரல்கள் எழுகின்றன. வேலாயியின் கம்பளியிலிருந்து பனி சொட்டுகிறது. அவள் காதெல்லாம் ஒரு பேருக்காகக் காத்திருக்கிறது. பட்டாளத்தில் சேர்ந்த தோட்டத்துச் சின்னதுரைக்குத் துணையாக யுத்தத்துக்குப் போன அவள் புருஷன், கடல் தாண்டி பஸ்ராவில் ஆகாயக் கப்பலைத் துடைத்து எண்ணெய் போடுகிறானாம். ஆள் இல்லாவிட்டாலும் கங்காணி தினமும் அவன் பேரைக் கூப்பிடுவார். புருஷன் பேரைச் சொல்லக்கூடாத அவளுக்கு, அதைக் காதால் கேட்பதே அன்றைய ஆறுதல். இன்று கங்காணிக்குக் காய்ச்சல். புதிதாக வந்த கணக்கப்பிள்ளையின் ஏட்டில் அந்தப் பேர் இல்லை; அது வர வேண்டிய இடத்தில் அவர், "கருப்பாயி!" என்கிறார். கருப்பாயி வாய் திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறார். "ஒரு பேரை விட்டுட்டீங்கய்யா. வேலாயி வீட்டுக்காரரு பேரு" என்கிறாள் கருப்பாயி. "இல்லாத ஆளை எதுக்குக் கூப்பிடணும்? சரி, அவன் பேரு என்னம்மா?" என்று வேலாயி பக்கம் திரும்புகிறார் கணக்கப்பிள்ளை. வேலாயி தலை குனிந்து கூடைக் கயிற்றை விரலில் சுற்றுகிறாள். "சோலைமலை!" வரிசையிலிருக்கும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கூவுகிறார்கள். எதிர்மலை அதை வாங்கித் திருப்பிச் சொல்கிறது. வேலாயி நிமிர்ந்து அந்த வரிசை முழுவதையும் ஈரக் கண்ணால் ஒருமுறை தடவுகிறாள். பிறகு மலைக்கே கேட்கும்படி அவனுக்காகப் பதில் சொல்கிறாள்: "இருக்காருங்க!"