ஒன்பதாவது ஆள்

அந்த முதியோர் இல்லத்துக் கூடத்தில், ஆய்வுக்கு வந்த அதிகாரி தலைகளை இரண்டு முறை எண்ணிவிட்டார். கணக்கு உதைத்தது.

"எட்டுக் கட்டிலுக்குத்தானே அனுமதி? ஒன்பது பேர் இருக்காங்களே!"

"எட்டு பேர்தான் சார்," என்றாள் மேற்பார்வை பார்க்கும் பெண். "ஜன்னலோரமா முக்காலியில இருக்கிற அம்மா இங்க தங்கல. தினமும் வந்துட்டுப் போறவங்க."

"யார் காதுல பூ சுத்தறீங்க? போன இல்லத்துலயும் இதே கதைதான். இடமில்லாத இடத்துல ஆளை அடைச்சு வெச்சுட்டு, கேட்டா விருந்தாளின்னு சொன்னாங்க."

ஜன்னலோரத்தில் இரண்டு தலையும் வெள்ளை வெளேரென்று இருந்தன. கட்டிலில் இருந்தவர், முக்காலியில் இருந்தவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"ஆடாம உட்காருடி."

அதிகாரி அருகில் போனார். "உங்க வீடு எங்கம்மா?"

முக்காலியில் இருந்தவர் கைத்தடியைத் தேடினார். "ரெண்டு பஸ் மாறணும் தம்பி. இப்பல்லாம் முழங்கால் ஒத்துழைக்கல. இங்கயே தங்கிடலாம்னு மூணு வருஷமா கேக்கறேன், கட்டில் காலியாகல. கூட ஒண்ணு போட அனுமதி கொடுங்களேன்."

"கூடத்தோட அளவுக்கு எட்டுதாம்மா. பெரிய இல்லத்துல இருநூறு கட்டில், இடம் கிடக்கு. இங்கதான்னு அப்படி என்ன பிடிவாதம்?"

பின்னலை முடித்துத் தோளில் தட்டிவிட்டு, கட்டிலில் இருந்தவர்தான் பதில் சொன்னார்.

"தனிக் கட்டில் எதுக்குய்யா? என் பக்கத்துலயே படுத்துக்கட்டும். தூக்கத்துல கொஞ்சம் உதைப்பா. அதெல்லாம் இவ என் வயித்துல இருந்தப்பவே எனக்குப் பழகிடுச்சு."